பழைய மோட்டார் படகையும் அதன் ட்ரெயிலரையும் பேணுதல்: ஒன்ராறியோ ஏரிகளுக்கான ஒரு வழிகாட்டி

மே மாதத்து விக்ரோறியா நாள் வார இறுதி நெருங்கியதும் சிம்கோ ஏரியின் கரையிலும் கவார்த்தா ஏரிகளின் இறங்குதுறைகளிலும் வரிசையில் நிற்கும் படகுகளுள் இருபது, முப்பது ஆண்டுகளைக் கண்டவை பல இருக்கும். 1990களில் கட்டப்பட்ட 18 அடி ஃபைபர் படகு, அதன் பின்புறப் பெட்டிக்குள் ஜெனரல் மோட்டோர்ஸ் வார்ப்பில் உருவான 4.3 லீற்றர் வி6 என்ஜின், என்ஜினின் விசையைச் சுழல்விசிறிக்குக் கடத்தியபடி வெளியே தொங்கும் மெர்குரூசர் அல்பா வன் ட்ரைவ், அடியில் ஒற்றை அச்சு ட்ரெயிலர் என்ற சேர்க்கை இங்கே மிகவும் பழக்கமானது. அத்தகைய படகொன்றைப் பதினொரு ஆண்டுகளாக என் கையாலேயே பழுதுபார்த்து வருகிறேன். ரொறன்ரோவிலும் மார்க்கத்திலும் உள்ள நம்மவர்கள் பலர் இப்போது பழைய படகுகளை வாங்கத் தொடங்கியிருப்பதால், அவர்களுக்குப் பயன்படும் வகையில் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

இத்தனை ஆண்டுகளில் நான் கண்ட பழுதுகள் ஏறத்தாழ அனைத்துக்கும் வேர் ஒன்றுதான்: நீர் எங்கே இருக்கக் கூடாதோ அங்கே நின்றுவிடுவது. பின்பலகையின் மரத்துக்குள், ட்ரைவின் ஒயிலுக்குள், பெற்றோல் தாங்கிக்குள், ட்ரெயிலர் சில்லின் குடத்துக்குள், குளிர்காலத்தில் என்ஜினின் வார்ப்பிரும்புக்குள் என்று அது நுழையும் வழிகள் எண்ணக்கூடியவை. அந்த வழிகளை ஆண்டுக்கு இரு முறை வரிசையாகப் பார்த்து வந்தால், பெருஞ்செலவு வைக்கும் பழுதுகளுள் பெரும்பாலானவற்றை முளையிலேயே கிள்ளிவிடலாம்.

உதிரிப்பாகம் எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள். முதலாவது, படகின் பின்புறத்து வலப்பக்க மேல்மூலையில் பொறிக்கப்பட்டிருக்கும் 12 எழுத்து-எண்களைக் கொண்ட உடல் அடையாள எண். 1980களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த படகுகளில் அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் மாதிரி ஆண்டைக் குறிக்கும். இரண்டாவது, என்ஜினின் தொடர் எண். படகின் ஆண்டும் என்ஜினின் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1991இல் அல்பா வன்னின் இரண்டாம் தலைமுறை வந்தபோது நீர்ப் பம்பு உட்படப் பல பாகங்கள் மாறிவிட்டதால், ஆண்டை ஊகித்துப் பாகம் வாங்குபவர் அதைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு மீண்டும் அலைய நேரிடும்.

பின்பலகை

என்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் பின்பலகை உளுத்துப்போன படகு கைவிடப்பட வேண்டிய நிலையை நெருங்கிவிட்ட படகு. ஆகவே இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் படகுகளின் பின்பலகை முழுவதும் கண்ணாடி இழையால் ஆனதன்று. ஏறத்தாழ 2 அங்குலத் தடிப்புள்ள அப்பலகையின் நடுவே பிளைவுட் இருக்கிறது, இழைப்பூச்சு அதன் இருபுறமும் தோல்போல மூடியிருக்கிறது. ஏணி, வேக உணரி, வடிகால் அடைப்பு ஆகியவற்றுக்காகத் துளைத்த திருகாணி ஓட்டைகளுள் ஒன்றில் பூசிய பசை காய்ந்து விலகினாலும் போதும், நீர் அவ்வழியே கசிந்து மரத்தை உள்ளிருந்தே தின்னத் தொடங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் படகு பளபளவென்றே இருக்கும்.

சோதிப்பதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஸ்குறூ ட்ரைவரின் பிளாஸ்ரிக் பிடியால் பின்பலகை முழுவதையும் விரலிடை விரலிடையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் தெளிவாக, 'டக்' என்று ஒலிக்கும். ஊறிய மரம் ஈரத் துணியின் மேல் தட்டியதுபோல மங்கிப் பதில் தரும். பிறகு ட்ரைவின் அடியிலுள்ள துடுப்புமுனையை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் பலமாக அசைத்தபடி, ட்ரைவைத் தாங்கும் வளையத்தைச் சுற்றியுள்ள பகுதியைக் கவனிக்கச் சொல்லி ஒருவரை நிறுத்துங்கள். பலகை மூச்சு விடுவதுபோல உள்ளே வெளியே அசைந்தால் நிலைமை மோசம். ஐயம் நீடித்தால், என்ஜின் அறைக்குள்ளிருந்து, பின்பலகையின் அடிப்பகுதியில், வெளித்தோலை எட்டாத ஆழத்துக்கு 3 மில்லிமீற்றர் துளையொன்றைப் போட்டு, துளைப்பானில் ஏறி வரும் மரத்தூளை வெள்ளைத் தாளில் பிடித்துப் பாருங்கள். வெளிறி உலர்ந்து உதிர்ந்தால் மகிழ்ச்சி. கறுத்து, பிசுபிசுத்து, மழைக்காலத்து விறகுக் கட்டையின் வாசம் வந்தால் அந்த மரம் போய்விட்டது. துளையை அன்றே எப்பொக்சியால் அடைத்துவிட வேண்டும்.

உளுத்த பலகையை மாற்றுவது கடினமான, தூசு நிறைந்த வேலை; ஆனால் பொறுமையுள்ள ஒருவரால் முடியும். என்ஜினையும் ட்ரைவையும் கழற்றி, உட்புறத் தோலை வெட்டியெடுத்து, கெட்ட மரம் முழுவதையும் சுரண்டி, வெளித்தோலைப் பல நாள் உலரவிட்டு, கடற்தரப் பிளைவுட்டை அட்டையில் வெட்டிய அச்சுக்கு ஏற்ப அறுத்து, அடர்த்தியாக்கிய எப்பொக்சியால் ஒட்டி, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காகப் படிய வைப்பதே முறை. பழைய பொலியெஸ்ரர் உடலின்மேல் எப்பொக்சி உறுதியாகப் பிடிக்கும். எப்பொக்சியின்மேல் பொலியெஸ்ரர் அப்படிப் பிடிப்பதில்லை. எனவே எப்பொக்சியால் தொடங்கிய வேலையை அதனாலேயே முடிக்க வேண்டும். தூசியும் ஆவியும் நுரையீரலுக்குக் கேடு என்பதால் உரிய வடிகட்டியுள்ள முகமூடி இல்லாமல் அரைக்கும் கருவியைத் தொடாதீர்கள். செலவையும் உழைப்பையும் நினைத்து மலைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வாங்குவதற்கு முன்பே தட்டிப் பாருங்கள், உளுத்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். நல்ல பின்பலகை வாய்த்தவர்கள் நீர்க்கோட்டுக்குக் கீழுள்ள ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி, கடற்தரப் பசையை ஓட்டைக்குள் நிறையத் திணித்து மீண்டும் முடுக்குவதற்கு ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினால் அது நெடுங்காலம் அப்படியே இருக்கும்.

ட்ரைவ்

இலையுதிர் காலத்தில் படகைக் கரையேற்றியதும் முதல் வேலையாக ட்ரைவின் ஒயிலைப் பாருங்கள். வசந்தம் வரட்டும் என்று விட வேண்டாம். கீழுள்ள திருகை மெல்லத் தளர்த்தி, முதலில் வரும் சில துளிகளை வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். நீர் ஒயிலை விடக் கனமானது, அதனால் உள்ளே நீர் இருந்தால் அதுவே முதலில் வரும். ஒயில் பாலூற்றிய தேநீர்போல வெளுத்திருந்தால் எங்கோ ஒரு சீல் தேய்ந்திருக்கிறது; அப்படியே குளிர்காலத்துக்கு விட்டால் தேங்கிய நீர் உறைந்து, அலுமினிய உறையையே வெடிக்கச் செய்யும். சுழல்விசிறியின் அச்சில் மீன்பிடி நரம்பு சுற்றி சீலை அறுத்திருப்பது அடிக்கடி காணப்படும் காரணம் என்பதால், விசிறியைக் கழற்றி அங்கே பாருங்கள். திருகின் நுனிக் காந்தத்தில் ஒட்டும் மெல்லிய கருஞ்சாந்து இயல்பானது; நகத்தில் அகப்படும் உலோகச் சில்லுகள் இயல்பானவை அல்ல. புதிய ஒயிலைக் கீழ்த்துளை வழியாகவே பம்பினால் ஏற்றி, மேல்துளையில் குமிழி இன்றி வழியும்வரை நிரப்ப வேண்டும். இரண்டாம் தலைமுறை அல்பா வன்னுக்கு ஏறத்தாழ 2 லீற்றர் பிடிக்கும். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபட்டு, நிரம்பிவிட்டது என்று நம்மை ஏமாற்றும். இரு திருகுகளின் சிறு வளையங்களையும் ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்.

ட்ரைவுக்கும் படகுக்கும் இடையே மடிப்பு மடிப்பாக இருக்கும் இறப்பர் உறைகள் அடுத்தவை. இயக்கத் தண்டை மூடியிருப்பது ஒன்று, கியர் கேபிளை மூடியிருப்பது மற்றொன்று. இவற்றில் எது கிழிந்தாலும் துறையில் கட்டிய படகு இரவோடிரவாக மூழ்கக்கூடும். ட்ரைவை இடக்கோடி வரையும் வலக்கோடி வரையும் திருப்பி, மின்சூளால் மடிப்புகளின் அடிவரை பாருங்கள். வெளிமுகட்டில் அன்றி மடிப்பின் பள்ளத்தில்தான் வெடிப்பு தொடங்கும். ஐந்து ஆண்டுகளைக் கடந்த உறையைப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவதே என் வழக்கம். நிறுத்தி வைக்கும்போது ட்ரைவைக் கீழே இறக்கி வைத்தால் மடிப்புகள் இழுபடாமல் நெடுநாள் உழைக்கும்.

உறையை மாற்ற ட்ரைவைக் கழற்றும் நாளில் அதனுடன் சேர்ந்த மற்ற வேலைகளையும் முடித்துவிடுங்கள். திரும்பும்போது மட்டும் உறுமல் கேட்டால் உள்ளே இயக்கத் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கில் நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். என்ஜினின் நேர்கோட்டைச் சோதிக்கும் நீண்ட உருக்குத் தண்டு ஒன்றை இரவல் வாங்கியாவது உள்ளே செலுத்திப் பாருங்கள். இரண்டு விரல்களின் பலத்தில் அது வழுக்கிப் போய் வர வேண்டும். இடித்து நின்றால் என்ஜினின் முன்தாங்கிகளைச் சற்று உயர்த்தியோ தாழ்த்தியோ சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் இணைப்புப் பற்கள் ஒரே பருவத்தில் தேய்ந்துபோகும்.

அல்பா வன்னின் நீர்ப் பம்பு ட்ரைவுக்குள் இருக்கிறது. அதன் இறப்பர் இறக்கைச் சக்கரத்தை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழையதை எடுத்ததும் இறக்கைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் உடைந்த துண்டு மேலே குழாயில் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது, அதைத் தேடி எடுக்காமல் மூடினால் புதிய சக்கரமும் என்ஜினைக் காப்பாற்றாது. கரையில் என்ஜினை இயக்கும்போது ட்ரைவின் நீர் உறிஞ்சும் துளைகளின்மேல் தோட்டக் குழாயுடன் இணைந்த காதுமூடியைப் பொருத்தி, நீரைத் திறந்த பிறகே திறப்பைத் திருப்புங்கள். நீரின்றி ஒரு நிமிடம்கூட ஓடவிட வேண்டாம்.

அரிப்பைத் தாங்கித் தன்னைப் பலிகொடுக்கும் உலோகத் துண்டுகளைப் பற்றி ஒரு சொல்: நன்னீர் ஏரிகளுக்கு மக்னீசியம், உவர்நீருக்கு அலுமினியம், கடல்நீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம் என்பது பொது விதி. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அவற்றின்மேல் வர்ணம் பூசக் கூடாது, பூசினால் அவை வேலை செய்யா.

பெற்றோலும் மின்சாரமும்

இங்கே மட்டும் சிக்கனத்துக்கு இடமே இல்லை. பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது. காரில் அது தரையோடு கலைந்து போகும், படகிலோ அடிக்குழியில் குளம்போலத் தேங்கி நிற்கும். ஆகவே என்ஜினைத் தூண்டுமுன் காற்றோட்ட விசிறியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிட்டு, என்ஜின் மூடியைத் திறந்து மூக்கால் சோதிக்க வேண்டும். ஸ்ராட்டர், ஒல்ரனேற்றர், பெற்றோல் பம்பு, காபுறேற்றர் ஆகியவற்றைக் கார்க் கடையில் பாதி விலைக்கு வாங்கிப் பொருத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உருவம் ஒன்றாக இருந்தாலும், படகுக்கான மின்பாகங்கள் உள்ளே எழும் பொறி வெளியே ஆவியைப் பற்றவைக்காதபடி அமைக்கப்பட்டவை. படகுக்கான காபுறேற்றர் நிரம்பி வழிந்தால் பெற்றோல் என்ஜினுக்குள்ளேயே போகும், வெளியே சொட்டாது.

எத்தனோல் கலந்த பெற்றோல் பழைய குழாய்களை உள்ளிருந்து மெத்தென்றாக்கிவிடும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். குழாயை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்து மோந்து பாருங்கள். துணியில் பெற்றோல் மணம் ஏறினால் குழாய் கசியத் தொடங்கிவிட்டது. என்ஜின் அறைக்குரிய, 'ஏ1' வகை முத்திரை அச்சிடப்பட்ட குழாயையே வாங்குங்கள். நீர் பிரிக்கும் வடிகட்டியை ஆண்டுதோறும் மாற்றி, கழற்றியதைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிச் சிறிது நேரம் விடுங்கள். அடியில் தனிப் படையாக நீர் தெரிந்தால் தாங்கியின் மூடியையும் காற்றுக் குழாயையும் ஆராய வேண்டும்.

மின்கம்பிகளைப் பொறுத்தவரை, வெள்ளீயம் பூசிய கடற்தரக் கம்பியும், சூடாக்கினால் சுருங்கி ஒட்டும் உறையுள்ள இணைப்பிகளும் போதும். வீட்டுக் கம்பிக்கான முறுக்குத் தொப்பிகளை முந்தைய உரிமையாளர் பயன்படுத்தியிருந்தால் எல்லாவற்றையும் களைந்துவிடுங்கள்.

குளிர்காலத்துக்கு மூடுதல்

நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது, வார்ப்பிரும்பு விரிந்து கொடுப்பதில்லை. ஒக்டோபர் இரண்டாம் திங்களன்று வரும் நன்றி நாளுக்குப் பின் ஒரே ஓர் இரவு கடுங்குளிர் அடித்தாலும், நீர் நின்ற என்ஜின் வெடித்துவிடும். இளஞ்சிவப்பு உறைதடுப்பியைக் குழாய் வழியே உறிஞ்சச் செய்தால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. என்ஜின் சூடேறித் தெர்மோஸ்ரற் திறக்காதவரை அந்த உறைதடுப்பி என்ஜின் உடலுக்குள் போவதேயில்லை. ஆகவே முதலில் வடித்து, பிறகே ஊற்ற வேண்டும்.

4.3 லீற்றர் என்ஜினில் உடலின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு வடிகால், இரண்டு புகைபோக்கித் தொட்டிகளின் அடியிலும் ஒவ்வொன்று, அத்துடன் சுழற்சிப் பம்பின் கீழ்த் தடித்த குழாய் ஆகிய ஐந்தையும் திறக்க வேண்டும். நான் முதல் ஆண்டு இடப்பக்கத்து வடிகாலைத் திறந்தபோது ஒரு துளிகூட வரவில்லை. ஏற்கெனவே வடிந்துவிட்டது என்று எண்ணி மூடப் போனேன். ஏதோ உறுத்தவே, உடை மாட்டும் கம்பியொன்றை நேராக்கி அத்துளைக்குள் குத்தினேன். சேறுபோன்ற துருக்கட்டி ஒன்று முதலில் விழுந்தது. அதன் பின்னால் செம்பழுப்பு நீர் கை மணிக்கட்டு நனைய அரை வாளி அளவுக்குப் பாய்ந்தது. அன்றிலிருந்து ஐந்து துளைகளையும், நீர் வந்தாலும் வராவிட்டாலும், கம்பியால் குத்தாமல் நான் மூடியதில்லை.

வடித்தபின் தெர்மோஸ்ரற் உறையிலுள்ள குழாய்களைக் கழற்றி, புரோப்பிலீன் கிளைகோல் வகை உறைதடுப்பியை என்ஜினிலும் தொட்டிகளிலும் நிறைய ஊற்றுங்கள். இவற்றுக்கு முன்பே, என்ஜின் சூடாக இருக்கும்போது, பெற்றோல் தாங்கியில் நிலைப்படுத்தும் திரவத்தைக் கலந்து ஓடவிட்டு, ஒயிலையும் வடிகட்டியையும் மாற்றி, என்ஜினின் உட்பாகங்களைத் துருவிலிருந்து காக்கும் மூடுபனி ஒயிலைக் காபுறேற்றரில் தெளித்து முடித்திருக்க வேண்டும். பற்றரியை முழுமையாக மின்னேற்றி, 12.6 வோல்ற்றுக்குக் குறையாமல் வைத்திருந்தால் அது உறையாது. மழையும் உருகிய பனியும் வடிய படகின் முன்பக்கத்தை உயர்த்தி வையுங்கள்.

ட்ரெயிலர்

படகை நேசிப்பவர்களும் ட்ரெயிலரை மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்திருந்தேன். பேரிங்குகள் புதியவை என்று விற்றவர் சொன்னதை நம்பி, இரண்டாம் பருவத்தில் 400ஆம் நெடுஞ்சாலையில் பாரி நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, வலப்பக்கக் கண்ணாடியில் மெல்லிய புகை தெரிந்தது. ஓரம் கட்டி இறங்கினால், சில்லுக் குடத்தின் மூடியைக் காணோம். அச்சு நீலம் பாரித்திருந்தது. உருளைகள் தங்கள் கூட்டோடு உருகி ஒட்டியிருந்தன. இன்னும் சில கிலோமீற்றர் போயிருந்தால் சில்லே கழன்று போயிருக்கும்.

காரணம் எளிது. ஓடிச் சூடான குடத்தைக் குளிர்ந்த ஏரிக்குள் இறக்கும்போது உள்ளேயுள்ள காற்று சட்டெனச் சுருங்கி, பின்புறச் சீலின் வழியாக நீரை உறிஞ்சுகிறது. விற்சுருளால் கிறீஸை அழுத்தி வைக்கும் மூடிகள் இதைக் குறைக்கும், ஆண்டுதோறும் திறந்து பார்ப்பதற்கு அவை மாற்றாகா. சில்லை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு சுழற்றிக் காது கொடுங்கள். குடத்தைக் கழற்றிப் பழைய கிறீஸ் முழுவதையும் கழுவி, உருளைகளிலும் அவை ஓடும் கிண்ணத்திலும் குழியோ நீலமோ கோடோ தெரிந்தால் இரண்டையும் சோடியாகவே மாற்றுங்கள். 3,500 இறாத்தல் அச்சுகள் பலவற்றில் உட்புறம் எல் 68149, வெளிப்புறம் எல் 44649 என்ற பேரிங்குகள் இருக்கும், எனினும் பேரிங்கில் பொறித்த எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

கிறீஸ் ஏற்றுவதைக் கையாலேயே செய்யலாம். இடது உள்ளங்கையில் எலுமிச்சை அளவு கடற்தரக் கிறீஸை எடுத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் குத்திக் குத்தி இழுங்கள். மறுவிளிம்பில், உருளைகளின் இடைவெளி ஒவ்வொன்றிலும், கிறீஸ் புழுப்போலப் பிதுங்கி வரும்வரை சுற்றிச் சுற்றிச் செய்ய வேண்டும். மாட்டியபின் குடத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பின் தளர்த்தி, விரலால் மட்டும் முடுக்கி, புதிய பூட்டுமுள்ளைச் செருகி வளைத்துவிடுங்கள். பயணத்தின் முதல் 20 கிலோமீற்றரில் நிறுத்திக் குடத்தைத் தொடுங்கள்: இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு ஆபத்து.

ட்ரெயிலர் ரயர் தேய்ந்து கெடுவதை விட வயதாகிக் கெடுவதே அதிகம். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் காட்டும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஆறு ஆண்டு கடந்தவற்றைப் பட்டை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றுங்கள். விளக்குகள் மங்கி மங்கி எரிந்தால் பல்பைக் குறை சொல்லுமுன், சட்டத்தில் பொருத்திய வெள்ளை நிறத் தரைக்கம்பியைக் கழற்றித் துருவைச் சுரண்டிப் பொருத்திப் பாருங்கள். ஒன்ராறியோவில் ட்ரெயிலரின் மொத்த எடை 1,360 கிலோகிராமைத் தாண்டினால் பிறேக் கட்டாயம் என்பதால், எரிபொருளும் பொருட்களும் நிறைந்த நிலையில் ஒருமுறை எடை போட்டுக்கொள்ளுங்கள்.

வசந்தத்தில் இறக்குதல்

சீப்ரா மட்டி எனப்படும் அந்நிய மட்டியினம் 1988இல் செயின்ற் கிளேயர் ஏரியில் கண்டறியப்பட்டு மற்ற ஏரிகளுக்கும் பரவியதன் தொடர்ச்சியாக, 2022 முதல் ஒன்ராறியோவில் படகைத் தரைவழி கொண்டுசெல்லும்போது வடிகால் அடைப்பைக் கழற்றியிருக்க வேண்டும் என்பது சட்டம். எனவே இறங்குதுறையில் அடைப்பை மாட்ட மறப்பது இப்போது முன்னிலும் எளிதாகிவிட்டது. நான் அதை என்ஜின் திறப்போடு ஒரே வளையத்தில் கோத்து வைக்கிறேன். அடைப்பை மாட்டாமல் திறப்பு கைக்கு வராது.

சரிவில் பின்னோக்கிச் செல்லுமுன் விளக்கு இணைப்பைப் பிடுங்கிவிட்டு, குடங்கள் ஆறச் சற்று நேரம் காத்திருங்கள். படகு மிதக்கத் தொடங்கியதும் முன்கொக்கியைக் கழற்ற வேண்டாம். காற்றோட்ட விசிறியை நான்கு நிமிடம் ஓடவிட்டு, என்ஜின் மூடியைத் திறந்து, அடிக்குழியிலும் இறப்பர் உறைகளின் பக்கத்திலும் மின்சூளால் பாருங்கள். உலர்ந்திருந்தால் என்ஜினைத் தூண்டி, வெப்பமானியின் முள் தெர்மோஸ்ரற் திறக்கும் 160 பரனைற்றை ஒட்டி நிலைகொள்ளும்வரை காத்திருந்து, மீண்டும் ஒருமுறை அடிக்குழியைப் பார்த்த பிறகே கொக்கியை விடுவியுங்கள்.